அரசு மருத்துவத் திட்டங்களின் நோயாளி பதிவுக்குத் தரம் அமைப்பது எப்படி? வேலூரை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கே.வி.குப்பம் பக்கத்துக் கர்ப்பிணி ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிராம சுகாதார செவிலியர் அவரைக் கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி தளத்தில் பதிவார். ஒரு எண் வரும். பிற்பாடு குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அதைக் கேட்பார்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையில் வேறொரு எண். ஆபா எனும் தேசிய டிஜிட்டல் மருத்துவ எண் போட்டிருந்தால் 14 இலக்கத்தில் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலைய லேபில் அன்றைய வரிசை எண். பிரஷர் ஏறி அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் அங்கே ஓபி சீட்டு எண். நடுவில் சொந்தக்காரர் யாராவது சொல்லி சிஎம்சி மருத்துவமனைக்குப் போய்வந்தால் அங்கே தனி எண். ஆள் ஒருவர்தான். போன மாதம் ஒரு இடத்தில் பார்த்த ஹீமோகுளோபின் அடுத்த இடத்தில் யாருக்கும் தெரியாது, மறுபடி ஊசி குத்துவார்கள்.

இதைச் சரிசெய்யப் பெரிய சாஃப்ட்வேர் வாங்கினால் போதும் என்று நினைப்பவர்கள் நிறைய. சாஃப்ட்வேர் ஏற்கெனவே ஏழெட்டு இருக்கிறது. ஒன்றில் எழுதியதை இன்னொன்று அதே பொருளில் படிக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்தான் இல்லை. அந்த ஒப்பந்தத்தைத்தான் இங்கே தரம் என்கிறேன். வட்டார அளவில் திட்டம் நடத்துபவர்கள், மாவட்ட அலுவலகத்தில் தரவு பார்ப்பவர்கள், அரசுக்கு மென்பொருள் எழுதும் சின்ன நிறுவனங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. என் அனுபவத்தில் தரவு கெட்டுப்போவது பெரும்பாலும் பெயர், வயது, ஊர், அலகு ஆகிய நான்கில்தான். அதனால் அவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கணினி வடிவங்களுக்குக் குறைவு.

1. ஒரே ஒரு கைமாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்

"மாவட்டம் முழுக்க எல்லா நோய்க்கும் ஒரே தரம்" என்று ஆரம்பித்த கமிட்டிகள் இரண்டாவது கூட்டத்தைத் தாண்டுவதில்லை. ஒரு நோயாளி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் பரிந்துரைப்பது சர்க்கரையும் பிரஷரும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து அளவு பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார். மருத்துவர் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தில். கட்டுக்குள் வராதவர்கள் அடுக்கம்பாறைக்குப் போகிறார்கள், திரும்ப ஊருக்கு வருகிறார்கள். பல கைகள், ஒரே தகவல்.

அந்தப் பாதையில் இப்போது எழுதப்படும் எல்லாவற்றையும் சேகரியுங்கள்: தன்னார்வலரின் நோட்டு, என்சிடி (தொற்றா நோய்கள்) ரெஜிஸ்டர், ஓபி சீட்டு, லேப் ரெஜிஸ்டர், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி. போட்டோ எடுத்தால் மட்டும் போதாது. எழுதுபவர் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தக் கட்டத்தை அவர் தாண்டிப்போகிறார், எதில் மேலே உள்ளதையே கீழேயும் "அதே" என்று புள்ளி வைக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே கேள்வி: இதைப் பார்த்து யார் என்ன முடிவு எடுக்கிறார்? பதில் இல்லாத கட்டத்தை வெட்டுங்கள். "மேலிடத்தில் கேட்பார்கள்" என்பது பதில் ஆகாது. மேலிடத்தில் யார், எந்த அறிக்கைக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே உதிர்ந்துவிடும்.

2. ஏற்கெனவே இருப்பதைப் படியுங்கள்

புதிதாகத் தரம் கண்டுபிடிக்கும் ஆசையை இங்கேயே விட்டுவிட வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகம் மின்னணு மருத்துவப் பதிவுத் தரங்களை 2013-ல் வெளியிட்டது, 2016-ல் திருத்தியது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்க அறிவிக்கப்பட்டது. ஆபா எண், மருத்துவ நிலையங்களின் பதிவேடு, மருத்துவப் பணியாளர் பதிவேடு, நோயாளியின் ஒப்புதலோடு தகவல் பரிமாறும் முறை எல்லாம் அதன்கீழ் வருகின்றன. அதற்கான தகவல் வடிவ விதிகளை மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் புனேயில் நடத்தும் தேசிய மையம் வெளியிடுகிறது.

செலவைப் பற்றி யாராவது கவலைப்பட்டால் இதைச் சொல்லுங்கள்: மருத்துவச் சொற்களுக்கான ஸ்னோமெட் சிடி தொகுப்பில் இந்தியா 2014 முதல் உறுப்பு நாடு, அதனால் இங்கே பயன்படுத்தக் கட்டணம் இல்லை. லேப் பரிசோதனைகளுக்கான லாயிங்க் குறியீடுகளும் இலவசம். தகவலை அனுப்பும் ஃபயர் வடிவமும் அப்படியே.

ஆக, நம் வேலை தேர்ந்தெடுப்பதும் இறுக்குவதும்தான். தேசியத் தரம் "இந்தத் தகவலை வைக்கலாம்" என்று நூறு இடம் விட்டிருக்கும். "நம் திட்டத்தில் இந்தப் பன்னிரண்டு கட்டாயம், இந்த ஐந்து விருப்பம், மீதி வேண்டாம்" என்று நாம் எழுத வேண்டும். அதற்குமேல் ஒரு வரி கூட வேண்டாம்.

3. ஆள் யார் என்று முடிவு செய்யுங்கள்

இதில்தான் நேரம் போகும், போகட்டும்.

முதலில் எண். ஆபா எண்ணைப் பதிவில் வைக்க இடம் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பித் தரம் எழுதாதீர்கள். ஆபா எடுப்பது விருப்பம். அது இல்லை என்று யாருக்கும் சிகிச்சையை மறுக்க முடியாது. நடைமுறையில் இன்னொரு சிக்கல். ஆதார் வழியாக எடுக்கப் பெரும்பாலும் ஓடிபி வர வேண்டும். ஆதாரோடு இணைத்த போன் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போன மகன் கையில் இருக்கும், அம்மா இங்கே வரிசையில் நிற்பார். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் எண்களுக்கு ஒரு பட்டியல் இருக்கட்டும்: எண், அது எந்த அமைப்பு கொடுத்தது, என்ன வகை. ஆபா, பிக்மி, காசநோய்க்கான நிக்ஷய் எண், காப்பீட்டு அட்டை, ஓபி எண் எல்லாம் அந்தப் பட்டியலில் வரிசையாக உட்காரும். நிலையம் தானே கொடுக்கும் உள் எண்ணுக்கு எந்தப் பொருளும் இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி விஷயத்துக்கு வட ஆற்காட்டை விட நல்ல உதாரணம் கிடைக்காது. 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது. திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019 நவம்பரில் வேலூர் மறுபடி உடைந்து வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. வாணியம்பாடி, ஆம்பூர் ஒரு பக்கம். வாலாஜா, ஆற்காடு, அரக்கோணம் இன்னொரு பக்கம். நோயாளி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தில் மாவட்டக் குறியீட்டை வைத்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்? எண்ணை மாற்றினால் பழைய பதிவு அறுந்துபோகும், மாற்றாவிட்டால் எண் பொய் சொல்லும். ஊர், வட்டாரம், மாவட்டம் எல்லாம் எண்ணுக்கு வெளியே தனிக் கட்டங்களில் இருக்க வேண்டும். அவற்றுக்குப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் லோக்கல் கவர்ன்மெண்ட் டைரக்டரி குறியீடுகளைப் பயன்படுத்துங்கள். எந்தத் தேதியிலிருந்து அந்தக் குறியீடு செல்லும் என்றும் எழுதுங்கள். குக்கிராமத்தின் பெயருக்கு ஒரு தனி எழுத்துக் கட்டம் கட்டாயம் தேவை. வீட்டைத் தேடிப் போகிறவருக்கு வருவாய்க் கிராமத்தின் பெயர் உதவாது; "கொல்லைமேடு, மாரியம்மன் கோவில் பின்னாடி" என்பதுதான் உதவும்.

அடுத்து பெயர். உலகத் தரங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கின்றன. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மு.செல்வி கல்யாணத்துக்குப் பிறகு ர.செல்வி ஆவார். ஆதாரில் இனிஷியல் இல்லாமல் இருக்கலாம், ரேஷன் கார்டில் அப்பா பெயர் முழுதாக ஒட்டியிருக்கலாம். டேட்டா என்ட்ரி செய்பவர் குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக இருந்தால் சேமிக்காது என்பதற்காக அதில் ஒரு புள்ளி வைப்பார், அல்லது இனிஷியலைப் போடுவார், அல்லது செல்வியையே இரண்டு முறை எழுதுவார். மூன்றையும் ஒரே எக்செல் கோப்பில் பார்த்திருக்கிறேன். ஃபயர் வடிவத்தில் பெயருக்கு முழுப் பெயர் என்றே ஒரு கட்டம் உண்டு. அதைக் கட்டாயமாக்குங்கள், குடும்பப் பெயரை விருப்பமாக்குங்கள், இனிஷியலைத் தனியாக வையுங்கள். அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டுக்கும் உறவு குறிப்பிட்ட தனிக் கட்டம் கொடுங்கள். பழைய பெயரை அழிக்காமல் "முன்பு வழங்கிய பெயர்" என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் ஏழுமலை ஒன்றுதான். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ழகரம் ஆளுக்கொரு விதமாகிவிடும். ஃபாத்திமா, பாத்திமா இரண்டும் ஒருவரே. குடியாத்தம், காட்பாடி எல்லையில் தெலுங்குப் பெயர்கள், வேலூர் நகரத்திலும் மேல்விஷாரத்திலும் உருதுப் பெயர்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்களின் அட்டையில் தமிழே இருக்காது. எனவே தேடல் எழுத்துக்கு எழுத்து பொருந்துவதை மட்டும் நம்பக் கூடாது. ஒலிப்பில் நெருங்கியதையும் காட்ட வேண்டும். இரண்டு பதிவுகள் ஒரே ஆளுடையவைதான் என்ற கடைசி முடிவை மனிதர் எடுக்க வேண்டும்.

வயது. எழுபது தாண்டியவர்களில் பலருக்குப் பிறந்த தேதி தெரியாது. தெரியாததை ஜனவரி 1 என்று போடும் பழக்கத்தைத் தடை செய்யுங்கள். தேதிக் கட்டத்தில் ஆண்டு மட்டும் வைக்க ஃபயர் இடம் கொடுக்கிறது. ஆயுஷ்மான் பாரத் முறையில் நோயாளியைத் தேடும்போதும் பிறந்த ஆண்டுதான் பயன்படுகிறது. "சுமார்" என்றால் சுமார் என்று குறிக்க ஒரு டிக்.

போன் நம்பரை ஆள் அடையாளமாக எடுக்காதீர்கள். ஒரே நம்பரில் மாமியார், மருமகள், இரண்டு பிள்ளைகள் இருப்பார்கள். யாருடைய போன் என்று பக்கத்தில் எழுதினால் போதும்.

இரட்டைப் பதிவு வந்தே தீரும். அப்போது ஒன்றை அழிக்காமல் இரண்டையும் இணையுங்கள். தவறாக இணைத்தால் பிரிக்கவும் முடிய வேண்டும். இரண்டு செல்விகளின் மருந்துச் சீட்டு ஒன்றாகிவிட்டால் வரும் ஆபத்து, ஒரு செல்விக்கு இரண்டு பதிவு இருப்பதைவிடப் பெரியது.

4. தமிழ் எழுத்தை விட்டுவிடாதீர்கள்

எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடு எழுத்துமுறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுவிட்டது. இருந்தும் வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பட்டியல்கள் இன்னும் சுற்றுகின்றன. உள்ளே வாங்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

யூனிகோடிலும் பொறி உண்டு. கௌரி என்ற பெயரை எடுங்கள். பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, பிறகு ளகரத்தைத் தட்டுவார்கள்: கெளரி. திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும், கணினிக்கு வெவ்வேறு ஆட்கள். "ஸ்ரீ" என்பதற்கும் இரண்டு விதமான குறியீட்டு வரிசை புழக்கத்தில் இருக்கிறது. ஸ்ரீதேவியைத் தேடினால் பாதி ஸ்ரீதேவிகள் வர மாட்டார்கள். கொ என்ற எழுத்தின் ஒகரக் குறி ஒரே குறியீடாகவும் வரலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கடைசியாகச் சொன்னதை யூனிகோடின் வழக்கமான சீராக்கம் சரிசெய்துவிடும். முதல் இரண்டையும் சரிசெய்யாது, அவற்றுக்கு நாமே விதி எழுத வேண்டும். சேமிக்கும் முன் சீராக்கு, தேடும் முன்னும் சீராக்கு என்று தர ஆவணத்தில் எழுதி, இந்த மூன்று வகைப் பெயர்களையும் சோதனைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

5. ஒரு அளவை முழுதாக எழுதிப் பாருங்கள்

இப்போது உள்ளடக்கம். பிரஷரையே எடுப்போம்.

ஒரே எழுத்துக் கட்டத்தில் "150/90" என்று வைத்தால் அதை யாராலும் எண்ண முடியாது. "150-90", "150\90", வெறும் "150" எல்லாம் வரும். மேல் அளவு ஒரு எண், கீழ் அளவு ஒரு எண். லாயிங்க்கில் மேல் அளவுக்கு 8480-6, கீழ் அளவுக்கு 8462-4. அலகு மில்லிமீட்டர் பாதரசம். அளந்த நேரம், இந்திய நேர மண்டலத்தோடு. அளந்தது யார், எந்த நிலையத்தின் சார்பில். கை, உட்கார்ந்த நிலை எல்லாம் விருப்பம். வீட்டு வாசலில் தன்னார்வலரிடம் அதைக் கட்டாயமாகக் கேட்டால் எல்லாருக்கும் "இடது கை" என்றே வரும்.

அடுத்து, அளவு இல்லாவிட்டால் என்ன? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வீட்டில் ஆள் இல்லை, ஆள் வேண்டாம் என்றார், மெஷின் பேட்டரி போய்விட்டது, இந்த மாதம் அளக்க வேண்டியதில்லை. நான்கும் நான்கு வேறு செய்திகள். கட்டம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் நான்கும் ஒன்றாகிவிடும். காரணத்துக்கு ஒரு சின்னப் பட்டியல் கொடுங்கள். அது இல்லாத இடத்தில் போன மாத எண்ணே இந்த மாதமும் வரும். வேலை நடந்த மாதிரி தெரிய வேண்டுமே. தன்னார்வலரைத் திட்டி இதை மாற்ற முடியாது, படிவத்தைத்தான் மாற்ற வேண்டும்.

சர்க்கரையில் இன்னும் கவனம் தேவை. விரலில் குத்தி குளுக்கோமீட்டரில் பார்ப்பது 41653-7. வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து லேபில் பார்ப்பது 1558-6. மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி 4548-4. மூன்றையும் "சுகர்" என்று ஒரே கட்டத்தில் போட்டால், சாப்பிட்டதும் பார்த்த 180-ம் வெறும் வயிற்று 180-ம் ஒன்றாகத் தெரியும். மருத்துவருக்கு அவை இரண்டு வேறு கதை. அலகையும் விடாதீர்கள். நாம் மில்லிகிராமில் பேசுகிறோம், சில கருவிகள் மில்லிமோலில் காட்டும். இடையில் 18 மடங்கு. 7 என்று வந்தால் அது 126-ஆ, தட்டச்சுப் பிழையா என்று கணினி ஊகிக்கக் கூடாது. எண்ணோடு அலகு ஒட்டியே பயணிக்க வேண்டும்.

நம்ப முடியாத எண்ணுக்கு எல்லை வையுங்கள், ஆனால் பூட்டுப் போடாதீர்கள். மேல் அளவு 240 என்றால் "மறுபடி பாருங்கள்" என்று கேட்கட்டும். உறுதி செய்தால் ஏற்கட்டும். உண்மையிலேயே 240 இருப்பவரைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

6. நோய், மருந்து, லேப் குறியீடுகள்

நோயின் பெயரை மருத்துவர் பதிய ஸ்னோமெட், அதை எண்ணி அறிக்கை அனுப்ப உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி. உயர் ரத்த அழுத்தம் ஸ்னோமெட்டில் 38341003, ஐசிடி பத்தாம் பதிப்பில் ஐ10. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் 44054006, இ11. இந்த எண்கள் யார் கண்ணிலும் படக் கூடாது. செவிலியர் திரையில் "பிரஷர்", "சர்க்கரை" என்றுதான் தெரிய வேண்டும். குறியீடு பின்னால் தானாகச் சேரட்டும். ஸ்னோமெட்டின் லட்சக்கணக்கான சொற்களையும் தேடுபெட்டியில் திறந்துவிடுவது வீண் வேலை. உங்கள் கைமாற்றத்துக்குத் தேவையான சில டஜன் சொற்களைப் பொறுக்கி எடுத்து, இரண்டு மருத்துவர்களிடம் காட்டிப் பட்டியலாக்குங்கள். பட்டியலில் இல்லாததை எழுத ஒரு கட்டம் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதைப் பார்த்தால் எந்தச் சொல் விடுபட்டது என்று தெரியும்.

மருந்துக்கு பிராண்ட் பெயர் வேண்டாம். மூலப்பெயர், வலிமை, வடிவம்: அம்லோடிபின், 5 மில்லிகிராம், மாத்திரை. மாவட்டக் கிடங்கிலிருந்து வருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்து என்பதால் அவர்களுடைய மருந்துக் குறியீட்டையும் பக்கத்தில் வைத்தால் இருப்புக் கணக்கோடு பொருந்தும். "1-0-1" என்பது மருந்தாளுநருக்குப் புரியும், கணினிக்குக் காலை, மதியம், இரவு என்று மூன்று எண்களாகப் பிரித்துக் கொடுங்கள். எழுதிக்கொடுத்தது வேறு, உண்மையில் கொடுத்தது வேறு. இரண்டையும் தனித்தனிப் பதிவாக வைக்க வேண்டும். கிடங்கில் சரக்கு இல்லாத வாரத்தில் இந்த வித்தியாசம் முகத்தில் அடிக்கும்.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களுக்கு டைகாம் என்ற வடிவம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, கருவிகளே அதைத்தான் பேசும்.

7. அனுப்பும் வடிவம்

ஃபயர் நான்காம் பதிப்பு. இந்தியாவின் வழிகாட்டி அதன்மேல்தான் கட்டியிருக்கிறது. வேறு பதிப்புக்குப் போகாதீர்கள். அதில் நோயாளி, வருகை, அளவீடு, நோய்நிலை, மருந்துச் சீட்டு என்று தனித்தனித் துண்டுகள். புறநோயாளி குறிப்பு, மருந்துச் சீட்டு, பரிசோதனை அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசிப் பதிவு போன்ற ஆவண வகைகளாக அவற்றைக் கட்டி அனுப்ப தேசிய வழிகாட்டியில் மாதிரி இருக்கிறது. உங்கள் கைமாற்றம் எந்த வகையில் அடங்கும் என்று பார்த்து அதையே எடுங்கள்.

எல்லா நிலையத்திலும் நாளைக்கே ஃபயர் பேச முடியாது. அதுவரை அட்டவணைக் கோப்பாக அனுப்பலாம். நிபந்தனை ஒன்றுதான்: பத்திகளின் பெயர், குறியீடு, அலகு, தேதி வடிவம் எல்லாம் முழுத் தரத்தில் உள்ளது போலவே இருக்க வேண்டும். தேதியை ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதச் சொல்லுங்கள். 03/04 என்பது ஏப்ரல் மூன்றா மார்ச் நான்கா என்பதை எக்செல் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துவிடும்.

8. ஒப்புதலும் அந்தரங்கமும்

ஒரு வட்டாரத்தின் கர்ப்பிணிகள் பட்டியல் முழுதும், பெயர், போன், எச்ஐவி பரிசோதனை முடிவு சகிதம், வாட்ஸ்அப் குழுவில் எக்செல்லாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மாலைக்குள் அறிக்கை வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். ஆகவே "அந்தரங்கம் பேணப்பட வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள். அறிக்கை கேட்பவருக்கு எண்ணிக்கை மட்டும் போகும் தனி வழியைத் தரத்திலேயே வையுங்கள், அப்போது முழுப் பட்டியலை அனுப்பும் தேவையே எழாது.

சட்டங்கள் தெளிவு. எச்ஐவி மற்றும் எய்ட்ஸ் சட்டம் 2017, மனநலச் சட்டம் 2017, டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023. எச்ஐவி, மனநலம், கருக்கலைப்பு, தொழுநோய் ஆகியவற்றை நான் தனி அடுக்கில் வைப்பேன்: சிகிச்சை தரும் மருத்துவர் பார்க்கலாம், வரவேற்பு மேசையில் இருப்பவர் பார்க்க வேண்டியதில்லை. தொழுநோய் என்றதும் வேலூர் அருகே கரிகிரியில் உள்ள தொழுநோய் மருத்துவமனை நினைவுக்கு வரும். 1955 முதல் அங்கே நடக்கும் பணி பெரும்பாலும் நீண்டகாலப் பராமரிப்பு. ஒருவருடைய கை, கால், கண் நிலையைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அவ்வளவு காலம் வைக்கும் பதிவை யார் யார் பார்க்கலாம் என்பது சின்ன விஷயமில்லை. நோய் ஆறிய பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டு வரும் ஊர் இது.

ஆயுஷ்மான் பாரத் முறையில் ஒப்புதல் என்பது ஒரு தனி மின் ஆவணம்: யாருக்கு, எதற்காக, எந்த வகைத் தகவல், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, ஒப்புதல் எப்போது காலாவதி. நோயாளி அதைத் திரும்பப் பெறலாம். இதைத் தமிழில், வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி எழுதுங்கள். யார் எப்போது எந்தப் பதிவைத் திறந்தார் என்ற தடயம் அழிக்க முடியாததாக இருக்கட்டும்.

9. சிக்னல் இல்லாத இடம்

அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை மாதிரி மலை ஊராட்சிகள் இருக்கின்றன. அங்கே நெட் இருக்கும் என்று எழுதிய தரம் அங்கே செல்லாது.

பதிவு செய்யும் டேப்லெட் கணினி தானே ஒரு தனித்த எண்ணை உருவாக்கிப் பதிவுக்கு இட வேண்டும், சர்வர் கொடுக்கும் எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரம்: அளந்த நேரம், சர்வருக்குப் போய்ச்சேர்ந்த நேரம். ஒடுகத்தூருக்கு இறங்கி வந்த பிறகுதான் சேரும் என்றால் இடையில் நாள் கணக்கில் ஆகலாம். இரண்டாவது நேரத்தை மட்டும் வைத்தால் மலையில் எல்லாருக்கும் சந்தை நாளன்றே பிரஷர் பார்த்த மாதிரி இருக்கும். இரண்டு டேப்லெட்டில் ஒரே ஆளின் தகவல் வந்தால் அளவீடுகள் இரண்டையும் வையுங்கள். முகவரி, போன் போன்றவற்றில் புதியது செல்லும், பழையது வரலாறாகத் தங்கும்.

10. சோதனை

கற்பனை நோயாளிகள் கொஞ்சம் பேரை உருவாக்குங்கள், எல்லாரும் தொந்தரவான ஆட்களாக இருக்கட்டும். இனிஷியல் மாறிய செல்வி. இரண்டு எழுத்துக்கூட்டல் கௌரி. ஆண்டு மட்டும் தெரிந்த ஏழுமலைத் தாத்தா. சித்தூரிலிருந்து வந்து ஆபா இல்லாமல் நிற்பவர். பெயர் வைக்காத பச்சிளம் குழந்தை, அதிலும் இரட்டைக் குழந்தைகள். மாவட்டப் பிரிவுக்கு முன் வாலாஜாவில் பதிந்தவர். எந்த மென்பொருள் வந்தாலும் முதலில் இந்தப் பட்டியலைக் கொடுங்கள். விற்க வருபவரின் டெமோவில் வரும் ஆள் எப்போதும் நல்ல ஆதார், நல்ல சிக்னல், முழுப் பிறந்த தேதியோடுதான் வருவார்.

வடிவம் சரியா என்று பார்க்க ஃபயருக்கு இலவசச் சோதனைக் கருவி உண்டு. ஆயுஷ்மான் பாரத்தில் இணைய அவர்களுடைய சோதனைக் களத்தில் மூன்று கட்டம் தாண்ட வேண்டும்: ஆபா உருவாக்கிச் சரிபார்ப்பது, பதிவுகளை இணைத்துக் கொடுப்பது, ஒப்புதலோடு பிறர் பதிவைப் பெறுவது. இவை இரண்டும் கணினிக்கான தேர்வு. மனிதருக்கான தேர்வு வேறு: ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பிய பதிவை அடுக்கம்பாறையில் அச்சடித்து ஒரு மருத்துவரிடம் கொடுத்து, "இவருக்கு என்ன பிரச்சினை, என்ன மருந்து?" என்று கேளுங்கள். அனுப்பியவர் நினைத்ததையே அவர் சொன்னால் சரி.

முதலில் ஒரு ஒன்றியத்தில் ஓட்டுங்கள். கணியம்பாடியும் கே.வி.குப்பமும் நல்ல தேர்வு. சிஎம்சியின் சமூக நலப் பிரிவுகளான சாட், ருசா இரண்டும் பல பத்தாண்டுகளாக அங்கே வேலை செய்வதால் வீடு வீடாகத் தகவல் எடுப்பது மக்களுக்குப் பழகிய விஷயம். ஆனால் அதே காரணத்தால் அங்கே சுலபமாக நடந்தது அணைக்கட்டு மலையிலும் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது இடமாக மலையை எடுங்கள்.

11. எழுதி, பதிப்பு எண் போட்டு, டெண்டரில் சேருங்கள்

தர ஆவணம் இருபது பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர், பொருள், வகை, குறியீடு, அலகு, கட்டாயமா, ஒரு உதாரணம். பதிப்பு எண், தேதி, யாரிடம் கேட்பது.

டெண்டரில் மூன்று வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். தரவு முழுவதும் அரசுடையது. எப்போது கேட்டாலும் இந்தத் தர வடிவில், கூடுதல் கட்டணமின்றி முழுத் தரவையும் எடுத்துத் தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த நிறுவனத்துக்கு மாற்றித் தரும் வரை பொறுப்பு தொடரும். ஒரு இடத்தில் நிறுவனம் மாறியபோது பழைய தரவைப் பிடிஎஃப் கோப்புகளாகத் தந்துவிட்டுப் போனார்கள். ஆயிரக்கணக்கில். ஒப்பந்தத்தில் "தரவைத் தர வேண்டும்" என்றுதான் இருந்தது, எந்த வடிவில் என்று இல்லை.

மாற்றங்களை முடிவு செய்ய ஒரு சின்னக் குழு: ஒரு மருத்துவர், ஒரு கிராம சுகாதார செவிலியர், ஒரு லேப் டெக்னீஷியன், ஒரு மருந்தாளுநர், மென்பொருள் தெரிந்த ஒருவர். செவிலியரைப் பெயருக்குச் சேர்க்காமல், அவர் ஒப்புக்கொண்டால்தான் புதிய கட்டம் சேரும் என்று விதி போடுங்கள். புதிய கட்டம் ஒன்று கேட்பவர் பழையது ஒன்றை எடுக்க வேண்டும் என்பது நான் மிகவும் ஆதரிக்கும் விதி, அதிகாரிகளுக்குப் பிடிக்காது. லாயிங்க், ஸ்னோமெட் இரண்டும் புதுப் பதிப்பு வெளியிட்டுக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றினால் போதும். பழைய குறியீட்டில் எழுதிய பதிவு பழைய பதிப்பு எண்ணோடு அப்படியே இருக்கட்டும்.

12. ரெஜிஸ்டரை எப்போது மூடுவது

பெரும்பாலான திட்டங்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. டேப்லெட்டிலும் ஏற்று, ரெஜிஸ்டரிலும் எழுது, மாதக் கடைசியில் எக்செல்லிலும் போடு. செவிலியரின் மாலை நேரம் முழுக்க இதற்கே போகிறது. இரண்டு எழுத்து இருக்கும்வரை ஒன்றில் பிழை இருக்கும், எதில் என்று தெரியாது.

எனவே தரம் அமலாகும் ஆணையிலேயே எந்த ரெஜிஸ்டர் எந்தத் தேதியோடு நிற்கும் என்று எழுதி வாங்குங்கள். அதற்கு முன் மூன்று மாதம் இரண்டும் ஓடட்டும். ஒவ்வொரு வாரமும் சில பெயர்களைக் குத்துமதிப்பாக எடுத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தாதது குறைந்துகொண்டே வந்தால் ரெஜிஸ்டரை நிறுத்தலாம். குறையாவிட்டால் படிவத்தில் எங்கோ கோளாறு, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். தணிக்கைக்குக் காகிதம் வேண்டும் என்பார்கள். கணினியிலிருந்து மாதம் ஒருமுறை அச்சடித்து மருத்துவ அலுவலர் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தால் ஒப்புக்கொள்வார்களா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பழைய ரெஜிஸ்டர்களை முழுக்க ஏற்ற ஆள் போடாதீர்கள். இப்போது மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் நோய் எப்போது தெரிந்தது, இப்போதைய மருந்து, ஒவ்வாமை, கடைசி இரண்டு அளவுகள் ஆகியவற்றை அவர்கள் அடுத்தமுறை வரும்போது ஏற்றினால் போதும். மீதி நோட்டுகளை வருட வாரியாகக் கட்டி, கரையான் ஏறாத அலமாரியில், எந்தக் கட்டில் எந்த ஊர் என்று வெளியே எழுதி வையுங்கள்.